நாற்பதுக்கு மேல் அறியும் ஆவல் திரும்புமா?

கேள்வியை அனுப்பியவர் 42 வயதுப் பெண். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 17 ஆண்டுகளாக வேலை செய்கிறார். ஒரு நாள் காலை ஏழரை மணிக்குப் பள்ளி வேனுக்காகத் தெருமுனையில் காத்திருந்தபோது அவருடைய 10 வயது மகள், "அம்மா, விடிஞ்ச பிறகும் நிலா ஏன் அங்கேயே நிக்குது?" என்று கேட்டிருக்கிறாள். "சாயங்காலம் போன்ல பாத்துக்கலாம், பையை ஒழுங்கா மாட்டு" என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டு, வேன் போன பிறகுதான், தாம் அந்த நிலாவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. சிறுவயதில் கேள்வி கேட்டே எல்லோரையும் துளைத்தெடுத்தவர் என்று வீட்டில் பெயர் வாங்கியவர் அவர். இப்போது எதையும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றுவதே இல்லை என்கிறார். இது வயதின் இயல்பா, போனதைத் திரும்பப் பெற முடியுமா, முடியுமென்றால் வேலையையும் வீட்டையும் வைத்துக்கொண்டு அதை எப்படிச் செய்வது என்பவைதாம் அவருடைய கேள்விகள்.

திரும்பும். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. 31 ஆண்டுகள் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நான், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் ஊர் நூலகத்தில் பெரியவர்களோடு உட்கார்ந்து, அன்றாடம் கையில் புழங்கும் பொருள்களைப் பற்றிப் பேசிவருகிறேன். நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் அறுபத்தைந்து வயதிலும் அந்த ஆவல் திரும்பி வந்ததை அங்கே கண்ணால் பார்த்திருக்கிறேன். எனக்கே அது ஒருமுறை போய்த் திரும்பியது. ஆனால் பொதுவாக எல்லோரும் காட்டும் வழியில் அது வருவதில்லை. "உங்களுக்கு எதில் ஆர்வம் என்று முதலில் கண்டுபிடியுங்கள், பிறகு அதில் இறங்குங்கள்" என்பார்கள். ஆர்வமே வற்றிவிட்டது என்று சொல்பவரிடம் இப்படிச் சொல்வது, காய்ந்து கிடக்கும் அடிபம்பை வெறுமனே அடிக்கச் சொல்வதற்கு ஒப்பாகும். அடிபம்பு உள்ள வீட்டில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: மேலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் அது கீழிருந்து தண்ணீரை இழுக்கும். அறியும் ஆவலுக்கும் அந்த ஒரு செம்பு வேண்டும். ஏதாவது ஒரு பொருளைப் பற்றிய கொஞ்சம் அறிவுதான் அந்தச் செம்பு. ஆர்வம் வந்த பிறகு தெரிந்துகொள்ளலாம் என்று காத்திருப்பவருக்கு அது வராது. கொஞ்சம் தெரிந்துகொண்டவருக்கு அது தானாக வரும்.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் லோவன்ஸ்டைன், அறியும் ஆவலைப் பற்றி அதுவரை நடந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, 1994-இல் ஏறத்தாழ இதையே ஒரு கொள்கையாக எழுதினார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணில் படும்போது உண்டாகும் குறையே ஆவல் என்பது அவருடைய விளக்கம். ஒன்றுமே தெரியாத பொருளில் அந்த இடைவெளி கண்ணுக்குப் புலப்படாது. எல்லாம் தெரியும் என்று எண்ணுகிற பொருளிலும் புலப்படாது. பாதி தெரிந்த பொருள்தான் மனத்தை அரிக்கும். தொலைக்காட்சித் தொடர் எடுப்பவர்கள் இதைக் கரைத்துக் குடித்தவர்கள். கதவு திறக்கிறது, வந்தவரைப் பார்த்து வீட்டிலுள்ளவர்கள் திகைக்கிறார்கள், வந்தவர் யார் என்று காட்டும் முன் "தொடரும்" என்று போட்டுவிடுகிறார்கள். அந்தக் குடும்பத்தின் கதையை முன்பே பார்த்தவருக்குத்தான் மறுநாள் வரை அது உறுத்தும். அன்றைக்கு முதன்முறையாக அந்தத் தொடரைப் பார்த்தவர் எழுந்து போய்விடுவார்.

பெரியவர்களுக்கு உள்ள தடை பெரும்பாலும் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. நமக்கு எல்லாம் தெரிந்துவிட்டதாக ஓர் எண்ணம். யேல் பல்கலைக்கழகத்தில் லியோனிட் ரோசன்பிளிட், ஃபிராங்க் கெய்ல் என்னும் இருவர் இதைச் சோதித்து 2002-இல் வெளியிட்டார்கள். கைப்பை ஜிப், பூட்டு, கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டி போன்ற பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும், ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் போடுங்கள் என்று முதலில் கேட்டார்கள். பிறகு, அப்படியானால் படிப்படியாக விளக்கி எழுதுங்கள் என்றார்கள். எழுதிப் பார்த்தபின் மீண்டும் மதிப்பெண் போடச் சொன்னபோது, அவரவரே தமக்குக் கொடுத்த மதிப்பெண் இறங்கியது. நீங்கள் இன்று இரவே செய்து பார்க்கலாம். ஒரு தாளில், மிதிவண்டி ஒன்றைப் பார்க்காமல் வரைந்து, சங்கிலி எந்தச் சக்கரத்துக்குப் போகிறது, மிதிகட்டை எங்கே பொருத்தப்பட்டிருக்கிறது, சட்டத்தின் குழாய்கள் எங்கே சேர்கின்றன என்று காட்டுங்கள். எங்கள் நூலகத்தில் இதைச் செய்யச் சொன்ன நாளில், பள்ளிக்காலம் முழுவதும் மிதிவண்டியில் போனவர்களின் பேனாவும் நடுவில் நின்றது. கூட்டம் முடிந்ததும் அவர்களில் பலர் நேரே வாசலுக்குப் போய், அங்கே நின்ற ஒரு மிதிவண்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிக் குனிய வைக்கிற அந்தத் தவிப்பைத்தான் நீங்கள் தொலைத்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது சாகவில்லை, "தெரியும்" என்ற மூடி போட்டு மூடப்பட்டிருக்கிறது.

எனக்கு அந்த மூடி திறந்த நாளைச் சொல்கிறேன். அப்போது எனக்கு 44 வயது. ஒரே பாடத்தை ஆண்டுதோறும் நடத்தி, என் குரலே எனக்குப் பழகிப்போயிருந்த காலம். கோடை விடுமுறையில் ஒரு காலை, பாத்திரங்களுக்கு ஈயம் பூசுபவர் எங்கள் தெருவுக்கு வந்தார். அப்போதே அவர்கள் வருவது குறைந்துவிட்டிருந்தது. என் தாயார் பரண்மேல் கிடந்த இரண்டு பித்தளைப் பாத்திரங்களை இறக்கிக் கொடுத்து, பக்கத்தில் இருக்கும்படி என்னை அனுப்பினார். வேப்பமரத்தடியில் சின்னக் குழி தோண்டி, கரியைப் போட்டு, துருத்தியை ஒரு கையால் இயக்கிக்கொண்டே அவர் பாத்திரத்தைச் சூடேற்றினார். பிறகு ஒரு டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துச் சூடான பாத்திரத்துக்குள் தூவினார். குப்பென்று வெண்புகை எழுந்தது. மூக்கைத் துளைக்கும் நெடி. அந்தப் புகைக்குள்ளேயே ஈயக் கட்டியைப் பாத்திரத்தில் ஓர் இழு இழுத்து, பஞ்சால் சுற்றித் தேய்த்தார். மங்கிக் கிடந்த பித்தளை, அவருடைய கை போன வழியெல்லாம் வெள்ளி போல மின்னியது.

"அது என்ன பொடிங்க?" என்று கேட்டேன். "நவச்சாரம் சார். இது போடலைன்னா ஈயம் ஒட்டாது, உருண்டு உருண்டு ஓடிரும்" என்றார். நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. திடப்பொருள் உருகாமலே ஆவியாவதற்கு, அதாவது பதங்கமாதலுக்கு, எடுத்துக்காட்டாக அந்தப் பொருளை இருபது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் சொல்லிவந்திருக்கிறேன். புனலைக் கவிழ்த்துச் சூடேற்றிக் காட்டியும் இருக்கிறேன். அது எங்கள் வீட்டுப் பாத்திரங்களோடு காலங்காலமாகப் புழங்கிவருகிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது இல்லாமல் ஈயம் ஏன் ஒட்டாது என்ற கேள்வி என்னை இரண்டு நாள் விடவில்லை. பித்தளையின் மேல் காற்றுப் பட்டுப் பட்டு ஓர் ஆக்சைடு படலம் படிந்திருக்கிறது. ஈயம் என்று நாம் பேச்சில் சொல்லும் அந்த வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிட்டாலும் அந்தப் படலத்தின் மேல் ஒட்டாமல் முத்தாகத் திரள்கிறது. சூட்டில் நவச்சாரம் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிய, பின்னது அந்தப் படலத்தைக் கரைத்து உலோகத்தை வெளிக்காட்டுகிறது. காற்று மீண்டும் தீண்டுவதற்குள் ஈயம் பரவிவிட வேண்டும் என்பதால்தான் அவருடைய கையில் அத்தனை வேகம். பாதி எனக்குத் தெரிந்திருந்தது, பாதியை அவர் சொன்னார். இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளிதான் என்னை எழுப்பிவிட்டது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தியபோது மாணவர்கள் வேறு மாதிரிக் கேட்டார்கள், ஏனென்றால் நான் வேறு மாதிரிச் சொன்னேன்.

இனி உங்கள் மகளின் நிலாவுக்கு வருவோம், ஏனென்றால் உங்களுக்கான செம்புத் தண்ணீர் அங்கேயே இருக்கிறது. நீங்கள் அந்த நிலாவைப் பார்க்கவில்லை என்கிறீர்கள்; நானும் பார்க்கவில்லை. ஆனாலும் அது காலை ஏழரை மணிக்குத் தெரிந்தது என்ற ஒரே செய்தியிலிருந்து சிலவற்றைச் சொல்ல முடியும். அது தேய்பிறை நிலா. சூரியன் கிழக்கே ஏறிக்கொண்டிருக்க, நிலா பெரும்பாலும் உச்சிக்கும் மேற்கு அடிவானத்துக்கும் இடையில் எங்கோ நின்றிருக்கும். அதன் வெளிச்சமான பக்கம் சூரியன் இருந்த பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்குத் தேய்பிறை அட்டமியை ஒட்டிய நாள் என்றால், நள்ளிரவு வாக்கில் எழுந்து, விடியும்போது உச்சியை எட்டி, நண்பகலை ஒட்டி மறைந்திருக்கும். இதே நிலா வளர்பிறையில் இருந்தால் காலையில் அதைக் காண முடியாது. மாலை நான்கு மணிக்குக் கிழக்கு வானில் வெளுப்பாகத் தெரியும்.

இரவில் மட்டும் நிலா வரும் என்று நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கதைகளும் படங்களும் சோறூட்டும் பாட்டுகளும் சேர்ந்து அப்படி ஓர் எண்ணத்தை ஏற்படுத்திவிட்டன. உண்மையில் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய சில நாட்களை விட்டுவிட்டால், மேகம் மறைக்காத எந்த நாளிலும் பகலின் ஏதோ ஒரு பொழுதில் நிலா வானில் இருக்கும். நாளுக்கு நாள் அது சராசரியாக 50 நிமிடம் தாமதித்து எழுகிறது. ஆகவே மாதம் முழுவதும் இரவிலிருந்து பகலுக்கும் பகலிலிருந்து இரவுக்கும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. விண்மீன்கள் பகலிலும் அங்கேதான் இருக்கின்றன என்றாலும், நீல வானத்தின் ஒளி அவற்றை மூழ்கடித்துவிடுகிறது; நிலாவின் முகம் அந்த நீலத்தை விடப் பிரகாசமாக இருப்பதால் தப்பித்துத் தெரிகிறது. இத்தனைக்கும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 12 விழுக்காட்டைத்தான் நிலா திருப்பி அனுப்புகிறது. அதன் தரை பழைய தார்ச்சாலையைப் போலக் கருமையானது. பால்நிலா என்று நாம் பாடிய பொருளின் உண்மையான நிறம் அதுதான் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கிறது.

இதை எல்லாம் நான் இங்கே எழுதிவிட்டேன், ஆனால் உங்கள் மகளிடம் இதை ஒப்பிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேள்வி பழுக்கும் முன் பதில் வந்துவிட்டால் ஆவல் கருகிப்போகிறது. கைபேசி நமக்குச் செய்யும் தீங்கில் பெரியது இது என்பது என் கருத்து. பொய்யான செய்தியைக்கூடப் பிறகு திருத்திக்கொள்ளலாம், பதில் மூன்றாவது நொடியில் கைக்கு வந்துவிடுவதால், "எப்படி இருக்கும்?" என்று மனம் துழாவும் அந்தப் பொழுது அறவே இல்லாமற்போகிறதே, அதைத் திரும்பப் பெறுவது கடினம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் மத்தியாஸ் குரூபரும் அவருடைய குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை இங்கே சொல்ல வேண்டும். சிறு சிறு பொது அறிவுக் கேள்விகளைக் கொடுத்து, பதில் வரும் வரை சில நொடிகள் காக்க வைத்து, அந்த இடைவேளையில் சம்பந்தமே இல்லாத ஒரு மனிதரின் முகத்தைக் காட்டினார்கள். எந்தக் கேள்வியின் பதிலுக்காக ஒருவர் மிகவும் தவித்தாரோ, அந்தப் பதில் அவருக்கு நன்றாக நினைவில் நின்றது. அதோடு, தவிப்போடு காத்திருந்தபோது காட்டப்பட்ட முகமும் மற்ற முகங்களை விடக் கூடுதலாக நினைவில் நின்றது. மறுநாள் கேட்டபோதும் அப்படியே. காத்திருக்கும் மனம் பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து உள்ளே வாங்கிக்கொள்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் நடைமுறை இதுதான். ஒரு கேள்வி தோன்றினால் அதை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். அதன் கீழே, தவறாக இருந்தாலும் சரி, உங்கள் ஊகத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அன்றைக்கு முழுவதும் பதிலைத் தேடாதீர்கள். மறுநாள் தேடலாம், யாரையாவது கேட்கலாம், முடிந்தால் நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஊகம் எழுதுவது முக்கியம். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும்: வங்கி விவரத்தைப் பார்க்கும் முன் உங்கள் ஏட்டில் இருப்பு எவ்வளவு என்று போட்டு வைத்தால்தானே வித்தியாசம் எங்கே என்று தேடத் தோன்றும். ஊகம் உங்கள் பக்கத்து இருப்பு. பதில் வங்கியின் விவரம்.

அடுத்ததாக, எதைப் பற்றிக் கேள்வி எழுதுவது என்று தோன்றலாம். இங்கே தொல்காப்பியத்தில் ஓர் இடம் எனக்குப் பெரிய துணையாக இருந்திருக்கிறது. உடலில் வெளிப்படும் உணர்வுகளான மெய்ப்பாடுகள் எட்டில் வியப்பை மருட்கை என்று கூறி, அது நான்கு காரணங்களால் பிறக்கும் என்று மெய்ப்பாட்டியல் வரையறுக்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன்பு காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாக ஆவது. வியப்பைத் தேடிப் போகும் பெரியவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறோம் என்பதை இதைப் படித்த பிறகுதான் உணர்ந்தேன். புதுமைக்காகச் சுற்றுலா, பெருமைக்காக மலையும் அருவியும் கோபுரமும். இரண்டுக்கும் விடுப்பும் பணமும் வேண்டும். ஊர் திரும்பிய வாரத்திலேயே அந்த வியப்பு வடிந்தும் விடுகிறது. சிறுமைக்கும் ஆக்கத்துக்கும் வீட்டை விட்டு எங்கும் போக வேண்டாம். பால் தயிராவது ஆக்கம். காலையில் மஞ்சளாக மலர்ந்த பூவரசம்பூ வாடும்போது செம்மை ஏறி நிற்பது ஆக்கம். அந்த இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய கை உங்களுடையதாகவும் இருக்கக்கூடும். பூவின் நிறம் மாறுவதை அன்றைக்குக் கவனித்தீர்களா என்று நினைத்துப் பாருங்கள்.

அடுக்களையிலிருந்து ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தோசைக்கல் காய்ந்துவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளிக்கிறோம். மிதமான சூட்டில் தண்ணீர் சுரீரென்று சத்தமிட்டு உடனே ஆவியாகிவிடும். அடுப்பைக் குறைக்க மறந்து கல் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்ட நாளில், அதே தண்ணீர் சத்தமே இல்லாமல் முத்து முத்தாகத் திரண்டு கல்லின் மேல் ஓடும். விளிம்பு வரை போய்த் திரும்பும். ஆவியாக வெகுநேரம் எடுத்துக்கொள்ளும். இதைப் பார்க்காத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. ஆனால் இதில் உள்ள முரண் எத்தனை பேர் மனத்தில் தைத்திருக்கிறது? சூடு கூடக் கூடத் தண்ணீர் விரைவாகத்தானே ஆவியாக வேண்டும்? மிகச் சூடான கல்லில் அது ஏன் நீண்ட நேரம் பிழைத்திருக்கிறது?

லைடன்ஃப்ராஸ்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதே கேள்வியை வைத்துக்கொண்டு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் துளித் துளியாகத் தண்ணீர் விட்டுப் பார்த்து, 1756-இல் அதை எழுதி வெளியிட்டார். முதல் துளி ஏறத்தாழ அரை நிமிடம் தாக்குப்பிடித்தது. கரண்டி ஆற ஆற, அடுத்தடுத்த துளிகள் அதை விட விரைவாக மறைந்தன. துளியின் அடிப்பகுதி கல்லைத் தொடப்போகும் கணத்திலேயே ஆவியாகி, அந்த ஆவி ஒரு மெத்தை போல மிச்சத் துளியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே துளி கல்லைத் தொடாமலே, தன் ஆவியின் மேல் மிதந்துகொண்டு ஓடுகிறது. இன்றைக்கும் அந்த நிகழ்வுக்கு அவருடைய பெயர்தான். நம் அடுக்களைகளில் நாள்தோறும் நடப்பது அது. இனித் தோசை வார்க்கும்போது, எந்தச் சூட்டில் சுரீர் என்பது நின்று முத்து ஓடத் தொடங்குகிறது என்று உங்கள் மகளோடு ஒருமுறை பாருங்கள். அவளைக் கல்லுக்குச் சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

வேலைக்குப் போகிறவருக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்ற உங்கள் கேள்வியை நான் மறக்கவில்லை. சர் சி.வி. இராமனைப் பலர் பேராசிரியராகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 1907-இல், 18 வயதில், இந்திய நிதித் துறையில் சேர்ந்து கல்கத்தாவில் கணக்கு அதிகாரியாகப் பணியேற்றவர் அவர், உங்கள் துறைதான். பௌபஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு உள்ளே நுழைந்தார். அலுவலகத்துக்கு முன்னும் பின்னுமாக அங்கே ஆய்வு செய்வதை, இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் இடமாற்றம் வந்தபோதும் அறவே கைவிடாமல், 1917-இல் அரசு வேலையை விட்டுப் பேராசிரியராகும் வரை ஏறத்தாழ பத்தாண்டுகள் தொடர்ந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள்களைப் பாருங்கள்: எக்தாரா, வயலின், வீணை, பிற்பாடு மிருதங்கம். மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவில் அப்பியிருக்கும் கறுப்புப் பூச்சுதான் அதன் ஒலியைச் சுருதியோடு இணங்க வைக்கிறது என்று அவர் காட்டினார். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவருக்கு மிருதங்கம் புதுமையான பொருளாக இருந்திருக்க முடியாது.

1921-இல் கப்பலில் போய்வந்தபோது மத்தியதரைக் கடலின் நீலம் அவரை ஈர்த்தது. அதற்கு முன்பே பதில் இருந்தது. வானத்தின் நீலம் கடலில் எதிரொளிப்பதுதான் என்று இங்கிலாந்து இயற்பியலாளர் ராலே பிரபு சொல்லியிருந்தார். இராமன், ஒளியை வடிகட்டும் படிகமான நிக்கோல் பட்டகம் ஒன்றைக் கண்ணில் வைத்து, நீர்ப்பரப்பிலிருந்து எதிரொளித்து வரும் வான ஒளியை வெட்டிவிட்டுப் பார்த்தார். அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. நீரே ஒளியைச் சிதறடிக்கிறது என்ற அந்த முடிவிலிருந்து தொடங்கிய ஆய்வுதான் 1928-இல் இராமன் விளைவுக்கும் 1930-இல் நோபல் பரிசுக்கும் அவரைக் கொண்டுசென்றது. நீங்களும் நானும் இராமன் ஆகப்போவதில்லை, ஆக வேண்டியதும் இல்லை. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: பெரியவர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்ட பதிலை, கையில் இருந்த சிறு பொருளை வைத்து, தம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டார். அதற்குக் கப்பல் தளத்தில் ஒரு சில நிமிடம் ஆகியிருக்கும்.

நேரத்தை விடப் பெரிய தடையாக நான் கண்டது கூச்சம். 42 வயதில், மேலதிகாரியாக நாலு பேரை வேலை வாங்கும் நிலையில், "இது எப்படிங்க?" என்று ஒருவரிடம் கேட்க நாக்கு எழாது. இதற்கு மருந்து, தம் தொழிலை நன்கு அறிந்தவரிடம் அவருடைய தொழிலைப் பற்றிக் கேட்பதுதான். தையற்காரரிடம் சட்டைத்துணியை ஏன் நூல் ஓடும் திசை பார்த்து வெட்டுகிறார் என்று கேளுங்கள். வாழைப்பழக் கடைக்காரரிடம் தார் எந்தச் சீப்பிலிருந்து பழுக்கத் தொடங்கும் என்று கேளுங்கள். உங்களுக்குச் சாமான் விற்பவர், சாமானைப் பற்றி மதித்துக் கேட்கப்படும்போது முகம் மலர்ந்து சொல்வதைப் பார்ப்பீர்கள். எனக்கு ஈயம் பூசியவர், கிளம்பும் நேரத்தில், நல்ல நவச்சாரத்தையும் கலப்படத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்பதைக் கேட்காமலே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நீங்கள் ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்குபவராக இருந்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது. களைத்த மனம் கேள்வி கேட்காது, முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். அதே போல, வாரக்கணக்காக எதிலும் மகிழ்ச்சி தோன்றவில்லை, முன்பு பிடித்த சாப்பாடும் பாட்டும் மனிதர்களும்கூடச் சலிப்பூட்டுகிறார்கள் என்றால், அதை ஆர்வக் குறைவு என்று எண்ணித் தள்ளிப்போடாமல் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. உங்கள் கடிதத்தில் உறுத்தல் இருந்தது, மகள் மேல் அன்பு இருந்தது, நான்கு பக்கம் எழுதும் தெம்பும் இருந்தது. ஆகவே உங்களைக் குறித்து நான் அப்படி நினைக்கவில்லை. எனினும் இதைப் படிக்கும் வேறு ஒருவருக்குத் தேவைப்படலாம்.

உங்கள் மகளிடம் அன்றைக்குச் சொன்ன பதிலுக்காக வருந்த வேண்டாம், கேள்வி இன்னும் காலாவதியாகவில்லை. நாட்காட்டியில் அடுத்த பௌர்ணமி கழிந்து ஐந்தாறு நாள் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் வானம் தெளிந்த ஒரு காலை, வேன் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னதாக இருவரும் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். படியேறும் முன், நிலா எந்தத் திசையில் இருக்கும், அதன் எந்தப் பக்கம் வெளிச்சமாக இருக்கும் என்று அவளும் நீங்களும் தனித்தனியாக நோட்டில் வரைந்துவிடுங்கள். மேலே போய், வெயில் படும் இடத்தில் நின்று, எலுமிச்சம்பழத்தைக் கை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் வருமாறு பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். நிலாவில் எவ்வளவு பகுதி ஒளிர்கிறதோ அதே அளவு, எந்தப் பக்கம் ஒளிர்கிறதோ அதே பக்கம் பழமும் ஒளிர்ந்துகொண்டிருக்கும்; பழத்தின் நிழல் பகுதி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் நிலாவிலும் தொடங்கும். ஏன் அப்படி என்று அவள் கேட்பாள். "எனக்கும் முழுசாத் தெரியல, நாளைக்கும் வந்து பாக்கலாமா?" என்று கேளுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குப் போனால் நிலா முந்தைய நாள் நின்ற இடத்தில் இருக்காது, பழத்தின் மேல் வெளிச்சமான பகுதியும் சற்றுக் குறைந்திருக்கும்.